வலை கட்டினால் தீருமா?

2010-ல் சீனாவின் ஷென்ஜென் நகர பாக்ஸ்கான் ஆலையில் இளம் தொழிலாளர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தற்கொலை செய்துகொண்டார்கள். நிர்வாகம் என்ன செய்தது? விடுதிக் கட்டடங்களைச் சுற்றி வலை கட்டியது! சம்பளத்தையும் கூட்டியது, உண்மைதான். ஆனால் எப்போது? பலர் செத்த பிறகு.

வேலை கொடுத்த ஆப்பிளுக்கு ஒன்றுமே தெரியாதா? ஐபாட் தயாரித்த அதே வளாகத்தில் 2006-லேயே சோதனை நடத்தி, வாரம் 60 மணி நேர வரம்பு அடிக்கடி மீறப்படுவதாக அறிக்கை விட்டதே அந்தக் கம்பெனிதான்.

சரி, அது சீனா என்று விட்டுவிடலாமா? 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் 150-க்கும் மேற்பட்டோர் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்த பிறகுதான், சில விடுதிகளும் சாப்பாட்டுக்கூடங்களும் தரமாக இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது.

ஆள் எடுப்பது காண்ட்ராக்டர், விடுதி நடத்துவது இன்னொருவர், தயாரிப்பது பாக்ஸ்கான். பொறுப்பு மட்டும் யாருக்கும் இல்லை! போனில் ஒரு ஸ்க்ரூ மாறினாலே கண்டுபிடிக்கிறவர்களுக்கு, அதை மாட்டும் பெண்ணின் தட்டில் என்ன விழுகிறது என்று பார்க்கத் தெரியாதா? விலை பேசும்போதே விடுதியும் ஓவர்டைமும் ஒப்பந்தத்தில் ஏறட்டும். மீறினால் ஆர்டர் கிடையாது என்று சொல்லட்டும். அதுவரை அறிக்கைகள் வெறும் காகிதம்தான்.