பதின்மூன்று வெற்றியும் பதின்மூன்று பேரும்

2023-ஆம் வருஷம் டிசம்பர் 3-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தைச் சேர்ந்த கிரேப்வைன் என்ற ஊரில், பெரிய ஹோட்டல் ஒன்றில் கூடியிருந்த பதின்மூன்று பெரிய மனிதர்கள் ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். புளோரிடா ஸ்டேட் சர்வகலாசாலையின் காற்பந்துக் கோஷ்டி அந்தப் பருவத்தில் பதின்மூன்று ஆட்டம் ஆடியிருந்தது. பதின்மூன்றிலும் ஜயம். தன்னுடைய சங்கத்தின் சாம்பியன் பட்டத்தையும் முதல் நாள் இரவுதான் வென்றிருந்தது. ஆனால் தேசத்தின் சாம்பியன் பட்டத்துக்காக மோதவேண்டிய நான்கு கோஷ்டிகளில் அதற்கு இடம் இல்லை என்பது தீர்ப்பு. ஓர் ஆட்டத்தில் தோற்றிருந்த டெக்ஸாஸுக்கு இடம் உண்டு. ஓர் ஆட்டத்தில் தோற்றிருந்த அலபாமாவுக்கும் உண்டு. ஒன்றிலுமே தோற்காதவனுக்கு மட்டும் இல்லை!

காரணம் என்ன தெரியுமா? புளோரிடா ஸ்டேட்டின் முக்கிய ஆட்டக்காரன் ஜோர்டன் டிராவிஸ் என்ற வாலிபனுக்கு நவம்பர் 18-ஆம் தேதி ஆட்டத்தில் கால் முறிந்துவிட்டது. அவன் இல்லாமலும் அந்தக் கோஷ்டி இரண்டு ஆட்டங்களை ஜயித்தது. ஜயித்து என்ன? இனிமேல் தோற்றாலும் தோற்கும் என்று அந்தப் பதின்மூன்று பேருக்கும் தோன்றிவிட்டது. தோன்றியதையே தீர்ப்பாக எழுதிவிட்டார்கள்.

"தமிழில் கதை எழுதிப் பிழைக்கும் உமக்கு அமெரிக்கக் காலேஜ் பையன்களின் பந்தாட்டத்தில் என்ன ஐயா அக்கறை?" என்று வாசகர்கள் கேட்கலாம். அக்கறை உண்டு. அது தொழில் சம்பந்தமான அக்கறை. நடக்காததை நடந்ததுபோல் கற்பனை செய்து எழுதுவது எங்கள் ஜாதித் தொழில். அந்தத் தொழிலிலே வேறு யாராவது கை வைத்தால் எங்களுக்குக் கோபம் வருமா, வராதா? அதிலும் ஒரு பித்தலாட்டம் பாருங்கள்: நாங்கள் கதை எழுதினால் அதற்கு மேலே "கதை" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடுகிறோம். இவர்கள் அப்படிப் போடுவதில்லை.

இந்த ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். காற்பந்து என்று பெயரே தவிர, பந்து பெரும்பாலும் கையிலேதான் இருக்கும். முட்டை வடிவமான பந்து. அதைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் எறிவது, யார் கையில் கொடுப்பது என்று கண் இமைக்கும் நேரத்தில் முடிவு செய்து ஆட்டத்தை நடத்துகிறவனுக்கு க்வார்ட்டர்பேக் என்று பெயர். டிராவிஸ் அப்படிப்பட்ட தளகர்த்தன். காலேஜ் ஆட்டந்தானே என்று அலட்சியமாக எண்ணிவிடாதீர்கள். மிச்சிகன் சர்வகலாசாலையின் மைதானத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் உட்காரலாம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், மேல் வகுப்பில் ஆடும் கோஷ்டிகள் நூற்று முப்பதுக்கு மேல். ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் ஆடக்கூடியது சுமார் பன்னிரண்டு ஆட்டம். எல்லாரும் எல்லாரோடும் மோதிப் பார்ப்பது நடக்கிற காரியமல்ல. ஆகையால் யாராவது உட்கார்ந்து பொறுக்கித்தான் ஆகவேண்டும். இதை நான் மறுக்கவில்லை. ஆதியில் பத்திரிகைக்காரர்கள் பொறுக்கினார்கள். 1936 முதல் அஸோஸியேட்டட் பிரஸ் பட்டியல் போட்டு வருகிறது. 1950-லிருந்து பயிற்சியாளர்களும் தனியே ஒரு பட்டியல் போட்டார்கள். இரண்டு பட்டியலும் ஒத்துப் போகாமல் 1997-ல் மிச்சிகனும் நெப்ராஸ்காவும் ஆளுக்குப் பாதிக் கிரீடம் சூட்டிக்கொண்ட கூத்தும் நடந்தது. பிறகு 1998 முதல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கணக்குப் போடச் சொன்னார்கள். கம்ப்யூட்டரை எல்லாரும் திட்டினார்கள். 2014-ல் அதைத் துரத்திவிட்டு இந்தக் கமிட்டியை ஏற்படுத்தினார்கள். முதல் கமிட்டியில் அமெரிக்காவின் வெளிநாட்டு மந்திரியாக இருந்த காண்டலீஸா ரைஸ் அம்மையார்கூட ஓர் அங்கத்தினர் என்றால், இதற்கு எவ்வளவு கௌரவம் கொடுத்தார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கமிட்டிக்குக் கொடுத்த கட்டளை என்ன? "மிகச் சிறந்த" கோஷ்டிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது. எல்லா வினையும் இந்த "சிறந்த" என்ற சொல்லில்தான் இருக்கிறது. ஜயித்தவன் யார் என்று கேட்டால் பதில் ஒன்றுதான். மைதானத்தில் எண்களைப் பார்த்துச் சொல்லிவிடலாம். சிறந்தவன் யார் என்று கேட்டால் பதின்மூன்று பேருக்குப் பதின்மூன்று அபிப்பிராயம் இருக்கும். போதாதற்கு, முக்கிய ஆட்டக்காரர்கள் இல்லாமற்போனால் அது மேலே வரும் ஆட்டங்களை எப்படிப் பாதிக்கும் என்பதையும் கவனிக்கலாம் என்று விதியிலேயே ஒரு வாசகம் இருக்கிறது. அதாவது, நடந்ததை மட்டுமல்ல, நடக்கப் போவதையும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லலாமாம். ஜோசியத்துக்குச் சட்டத்தில் இடம் கொடுத்த தேசம் நமது தேசந்தான் என்று இவ்வளவு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான் ஒரு தொடர்கதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று அத்தியாயம் வரையில் கதாநாயகன் வெற்றிமேல் வெற்றி பெறுகிறான். பதினான்காவது அத்தியாயத்தில் போர்க்களத்துக்கே அவனை அனுப்பாமல், "அவன் போயிருந்தாலும் தோற்றுத்தான் இருப்பான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் வாசகர்கள் என்னைச் சும்மா விடுவார்களா? பத்திரிகை ஆபீஸுக்குக் கடிதம் எழுதியே கொன்றுவிட மாட்டார்களா?

அந்தக் கோஷ்டி சப்பையான எதிரிகளோடு ஆடி ஜயித்தது என்று கமிட்டியின் வக்கீல்கள் சொல்லுகிறார்கள். பருவத்தின் ஆரம்பத்திலேயே எல்.எஸ்.யு. என்ற லூயிஸியானா கோஷ்டியை 45-24 என்று தோற்கடித்ததை அவர்கள் சௌகரியமாக மறந்துவிட்டார்கள். கிளெம்ஸன் கோஷ்டியை அதன் சொந்த மைதானத்திலேயே ஜயித்ததையும் மறந்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், மற்ற இடங்களில் இவர்களுக்கு ஞாபகசக்தி அபாரம். அலபாமாவுக்கு ஏன் இடம்? ஜார்ஜியாவை ஜயித்ததால். டெக்ஸாஸ் ஏன் அலபாமாவுக்கு மேலே? செப்டம்பரில் அலபாமாவை அதன் மைதானத்தில் 34-24 என்று ஜயித்ததால். பேஷ்! மிகவும் சரி. மைதானத்தில் நடந்ததைச் சிலாசாசனம்போல் மதித்தார்கள். அதே மதிப்பு புளோரிடா ஸ்டேட்டின் பதின்மூன்று ஆட்டங்களுக்கு வந்தவுடன் அந்தச் சாசனம் மணலில் எழுதிய எழுத்தாகிவிட்டது.

தளகர்த்தன் இல்லாத சேனை தோற்கும் என்பதாவது உண்மையா? இதே பந்தயத்தின் முதல் வருஷமான 2014-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒஹாயோ ஸ்டேட்டின் முதல் க்வார்ட்டர்பேக் பருவம் தொடங்குமுன்பே காயமடைந்தான். இரண்டாமவன் கடைசி ஆட்டங்களில் ஒன்றில் காயமடைந்தான். மூன்றாமவனான கார்டேல் ஜோன்ஸைக் களத்தில் இறக்கினார்கள். கமிட்டி அந்தக் கோஷ்டிக்கு நாலாவது இடம் கொடுத்தது. அவனும் தேசத்தின் சாம்பியன் பட்டத்தைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"அந்தப் பையன் தன் முதல் பெரிய ஆட்டத்தில் 59-0 என்றல்லவா ஜயித்தான்? புளோரிடா ஸ்டேட் 16-6 என்று தட்டுத் தடுமாறித்தானே ஜயித்தது?" என்பார்கள். அப்படியானால் பெரிய வித்தியாசத்தில் ஜயிப்பதுதான் யோக்கியதையா? சரி, அதே 2014-ல், அதே வார முடிவில், மூன்றாம் இடத்தில் இருந்த டி.சி.யு. என்ற டெக்ஸாஸ் கிறிஸ்தவ சர்வகலாசாலைக் கோஷ்டி 55-3 என்று ஜயித்தது. மறுநாள் அதற்குக் கிடைத்த இடம் என்ன? ஆறாவது! ஐம்பத்திரண்டு பாயிண்டு வித்தியாசத்தில் ஜயித்துவிட்டு மூன்று படி கீழே இறங்கிய அதிசயத்துக்கு இன்றுவரையில் எனக்கு வியாக்கியானம் கிடைக்கவில்லை.

இதற்கு மேல் ஒரு பிரம்மாஸ்திரம் வைத்திருக்கிறார்கள். வெளியே தள்ளப்பட்ட புளோரிடா ஸ்டேட் அந்த டிசம்பர் கடைசியில் ஆரஞ்சு பௌல் என்ற கண்காட்சி ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றது. ஆகவே கமிட்டியின் தீர்க்கதரிசனம் பலித்துவிட்டதாம். பட்டத்துக்கு வழி அடைபட்ட பிறகு அந்தக் கோஷ்டியின் ஆட்டக்காரர்களில் இருபது பேருக்கு மேல் அந்த ஆட்டத்துக்கு வரவே இல்லை என்பதை இந்தத் தீர்க்கதரிசிகள் மென்று விழுங்கிவிடுகிறார்கள். கல்யாணத்தை நிறுத்திவிட்டு, "பார்த்தீர்களா, மாப்பிள்ளை முகத்தில் களையே இல்லை" என்று சொல்லுகிற சம்பந்தி இவர்கள்.

டிராவிஸ் அன்றைக்கு எழுதியதை நினைத்தால் எனக்கு இன்னமும் மனசு கேட்கவில்லை. தன் கால் பருவத்தின் தொடக்கத்திலேயே முறிந்திருக்கக் கூடாதா, இந்தக் கோஷ்டி தன் ஒருவனால் ஆனதல்ல என்று எல்லாரும் கண்டிருப்பார்களே என்ற கருத்தில் அந்தப் பிள்ளை எழுதினான். காயம்பட்டவனே தன் காயத்துக்காகத் தோழர்களிடம் மன்னிப்புக் கேட்கும்படி வைத்துவிட்டார்கள். கவர்னர் வழக்குச் செலவுக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்கவேண்டுமென்று பிரேரணை செய்ததெல்லாம் அரசியல் தமாஷ். அதை விட்டுத் தள்ளுங்கள். அந்த வாலிபனின் சில வரிகள் தமாஷ் அல்ல.

நாலு இடம் போதாமல்தான் இந்தச் சங்கடம், பன்னிரண்டாக்கினால் தீர்ந்துவிடும் என்றார்கள். 2024 பருவத்தில் பன்னிரண்டாக்கினார்கள். அதனால் ஒரு நல்லது நடந்தது: கமிட்டியின் ஜோசியம் எவ்வளவு பலிக்கும் என்பது வெட்ட வெளிச்சமாயிற்று. முதலிடம் பெற்ற ஆரெகான் தன் முதல் ஆட்டத்திலேயே தோற்றது. அதைத் தோற்கடித்த ஒஹாயோ ஸ்டேட் எட்டாவது இடத்தில் வைக்கப்பட்டிருந்த கோஷ்டி. அதுவே சாம்பியனும் ஆயிற்று. நாலே இடம் இருந்த காலமாயிருந்தால் அதை வாசற்படியோடு அனுப்பியிருப்பார்கள்.

சங்கடம் தீர்ந்ததா? 2025 டிசம்பரில் நடந்ததைக் கேளுங்கள். ஆகஸ்டு கடைசியில் மயாமி கோஷ்டி நோட்டர்டேம் கோஷ்டியை 27-24 என்று ஜயித்திருந்தது. இரண்டும் பருவ முடிவில் பத்து வெற்றி, இரண்டு தோல்வி. ஆனால் நவம்பர் முழுவதும் வாராவாரம் வந்த பட்டியலில் நோட்டர்டேம் மேலே, மயாமி கீழே. கடைசி வாரம் இரண்டு கோஷ்டியும் ஆடவே இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த பிரிகாம் யங் கோஷ்டி தோற்றுக் கீழே இறங்கியது. உடனே மயாமி மேலே போய்விட்டது, நோட்டர்டேம் வெளியே! இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்த பிறகுதான் அவை நேருக்கு நேர் மோதிய ஆட்டத்தைக் கணக்கில் எடுத்தோம் என்று விளக்கம் சொன்னார்கள். ஆகஸ்டில் நடந்த ஆட்டம் டிசம்பரில்தான் கண்ணுக்குத் தெரிந்ததாம். அதே வார முடிவில் அலபாமாவும் 28-7 என்று தோற்றது. அது மட்டும் இருந்த ஒன்பதாம் இடத்தைவிட்டு ஓர் அங்குலமும் அசையவில்லை.

மயாமிக்கு இடம் கிடைத்தது நியாயம் என்பதே என் கட்சி. அது இறுதி ஆட்டம் வரையில் போய், 2026 ஜனவரியில் இந்தியானாவிடம் ஆறே பாயிண்டில் தோற்றது. ஆனால் நவம்பர் மாதத்துப் பட்டியல்களில் எது நிஜம், எது நாடகம் என்று நோட்டர்டேம் பையன்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது? பருவ முடிவுப் பட்டியல் ஒன்றுதான் செல்லும் என்றால் மற்றவை எதற்கு? டெலிவிஷனுக்கு! பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை இரவுகளில் ஈ.எஸ்.பி.என். கம்பெனி அந்தப் பட்டியலை ஒரு மர்மத் தொடர்போலக் காட்டுகிறது. பந்தயத்தை ஒளிபரப்பும் உரிமைக்கு வருஷத்துக்கு நூறு கோடி டாலருக்கு மேல் கொடுக்கும் கம்பெனி அது. அலபாமாவும் ஜார்ஜியாவும் சேர்ந்த தென்கிழக்குச் சங்கத்தின் ஆட்டங்களையும் அதுவேதான் விலைக்கு வாங்கியிருக்கிறது. அதனால் கமிட்டியார் கை நீட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. தம்முடைய சர்வகலாசாலையைப்பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிற யோக்கியர்கள் அவர்கள். ஆனால் வாராவாரம் ஒரு திருப்பம் வேண்டும் என்ற கட்டாயம் ஒரு கதையை என்ன பாடு படுத்தும் என்பது தொடர்கதை எழுதுகிறவனுக்குத் தெரியும்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமல்ல. தோற்காத சங்கச் சாம்பியனுக்கு, காயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இடம் உண்டு என்று பருவத்துக்கு முன்பே எழுதி வைக்கட்டும். வெற்றி தோல்வி சமமாயிருக்கும் இருவரில் நேருக்கு நேர் ஜயித்தவன் மேலே என்று முதல் வாரத்திலிருந்தே அமல் நடத்தட்டும். ஆட்டக்காரர் உடம்பைப்பற்றிய அந்த வாசகத்தை அடித்துவிடட்டும்.

இன்னொன்று. அஸோஸியேட்டட் பிரஸ் பட்டியலுக்கு வோட்டுப் போடும் பத்திரிகைக்காரர்கள் யார் யாருக்கு என்ன இடம் கொடுத்தார்கள் என்பது வாராவாரம் பெயரோடு வெளியாகிறது. வெறும் காகிதக் கிரீடம் கொடுக்கிற அவர்கள் பெயர் சொல்லக் கூசுவதில்லை. கமிட்டியோ, இந்தப் பந்தயத்தில் ஒரு கோஷ்டிக்கு இடம் கொடுத்த மாத்திரத்தில் 2025 பருவத்தில் அதன் சங்கத்துக்கு நாற்பது லட்சம் டாலர் போய்ச் சேரும்படி செய்த கமிட்டி. அதன் அங்கத்தினர் ஒவ்வொருவரும் எப்படி வோட்டளித்தார் என்பது மட்டும் பரம இரகசியம். அடுத்த டிசம்பரில் அந்த ஹோட்டலிலிருந்து பட்டியல் வரும்போது, ஒவ்வொருவர் வோட்டும் அவரவர் கையெழுத்தோடு கூடவே வரட்டும்.