மண்ணில் செல்வம், மனையில் வறுமை

நிலத்தின் அடியில் பொருள் மிகுந்திருந்தால், அந்நிலத்தில் வாழ்வோரும் செல்வராய் இருப்பர் என்று எண்ணுதல் இயல்பு. நிலக்கரியும் இரும்புத்தாதும் மிகுந்த ஜார்க்கண்டு மாநிலம் இவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகிறது. நிதி ஆயோக் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, அங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர் உணவு, கல்வி, உறைவிடம் முதலியவற்றில் குறைவுற்ற வறியவர். கேரளத்திலோ நூற்றுக்கு ஒருவர்கூட அந்நிலையில் இல்லை.

இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? வறிய நாட்டார் உழைப்பதில்லை என்பார் உளர். இது பொருந்தாக் கூற்று. சுரங்கத்தில் இறங்கிக் கரி வெட்டுவோர் உழைப்புக்கு அஞ்சுவரோ?

காரணங்கள் பல, அவற்றுள் அரசு வகுத்த விதியும் ஒன்று. 1950களில் நடுவணரசு சரக்குக் கட்டணச் சமன்முறையைக் கொண்டுவந்தது. அதனால் எஃகு முதலிய பொருள்கள், தொலைவு எவ்வளவாயினும், நாடெங்கும் ஒரே விலைக்குக் கிடைத்தன. எல்லாப் பகுதியும் தொழில் வளம் பெற வேண்டும் என்னும் நோக்கம் நல்லதே. ஆயின் விளைவு வேறாயிற்று. சுரங்கத்தின் அருகில் ஆலை அமைப்பதால் வரும் ஆதாயம் மறைந்தது. தொழில் முனைவோர் துறைமுகமும் சந்தையும் உள்ள கடலோர மாநிலங்களை நாடினர். மேற்கே விளையும் பருத்திக்கோ அத்தகைய சமன்முறை இல்லை. அந்நாளில் ஜார்க்கண்டைத் தன்னுள் கொண்டிருந்த பீகார் இவ்வாறு தன் இயற்கை ஆதாயத்தை இழந்தது. பயன் பெற்ற மாநிலங்களுள் நம் தமிழ்நாடும் ஒன்று. 1990களின் தொடக்கத்தில் அம்முறை நீங்கியது. அது விளைத்த வேற்றுமை நீங்கவில்லை.

இன்று நிதி ஆணையம் வரி வருவாயைப் பங்கிடும்போது வறிய மாநிலங்களுக்கு மிகுதியாக அளிக்கிறது. “எம் வரி பிறர்க்கு ஏன்?” எனச் சிலர் வினவுகின்றனர். பங்கின் அளவைப் பற்றி வாதிடலாம். ஆனால் பங்கிடுதலே தவறு என்பது அறமன்று. பிறர் இழப்பால் நாம் பெற்றதும் உண்டு. ஆதலின் அது ஈகையன்று, கடன்.

எனினும் பொருள் மட்டும் போதாது. சுரங்கச் செல்வம் மிகுதியாக இல்லாத கேரளம், பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் பேணி வறுமையை வென்றது. வறிய மாநிலத்துக்குச் செல்லும் பணமும் அங்குள்ள சிற்றூரில் பள்ளியாகவும் மருந்தாகவும் மாறுதல் வேண்டும். கொடுப்போர்க்குக் கடமை உண்டு. பெறும் அரசுக்கும் கடமை உண்டு. இரண்டும் நிறைவேறினாலன்றி நாட்டின் ஒருமை சொல்லளவிலேயே நிற்கும்.