வடிவா இருந்தாப் போதுமா?

ஏ.எல் றிசல்ட் வந்த கிழமையில் எங்கட வீடுகளில் நடக்கிற கதை எல்லாருக்கும் தெரியும். மட்ஸ் எண்டால் இன்ஜினியர், பயோ எண்டால் டொக்டர், கொமர்ஸ் எண்டால் அக்கவுண்டன்ற், ஆர்ட்ஸ் எண்டால் ரீச்சர். இந்த வரிசைக்குள் ஒரு பிள்ளை வந்து “நான் இன்ரீரியர் டிசைன் படிக்கப் போறன்” எண்டு சொன்னால் முதல் கேள்வி, “அதென்ன, கேர்ட்டின் தைக்கிற வேலையே?” அடுத்த கேள்வி, “அதுக்கு ஏன் இவ்வளவு காசு கட்டிப் படிப்பு?”

கேட்கிற அம்மா அப்பாவில் பிழையில்லை. உள்ளக வடிவமைப்பு என்ற பெயரில் எங்கட ஊர்களில் கண்ணுக்குத் தெரிகிறது என்ன? ஜிப்சம் சீலிங், அதுக்குள் ஒளிச்சு வைச்ச நீல வெளிச்சம், ரீவிக்குப் பின்னால் பளபளக்கிற பலகைச் சுவர், பின்ரறெஸ்டில் பார்த்த ஏதோ ஒரு ஐரோப்பிய வீட்டின் சாயல். வெளிநாட்டுக் காசில் கட்டின வீட்டுக்குக் கடைசியாகப் பூசுகிற பவுடர் மாதிரித்தான் அது இருக்கிறது. அதை மட்டும் பார்த்தவர்களுக்கு இது ஒரு படிப்பு என்று எப்படித் தோன்றும்?

என்னுடைய கருத்து இதுதான். இந்தப் படிப்பு எங்களுக்குத் தேவை. ஆனால் தேவைப்படுவதற்கான காரணம் அந்தச் சீலிங்கில் இல்லை.

எங்கட பேச்சில் ‘வடிவு’க்கு இரண்டு அர்த்தம். “வீடு வடிவா இருக்கு” எண்டால் அழகு. “வடிவாப் பார்த்துச் சொல்லு” எண்டால் கவனமாக, ஒண்டும் விடாமல் பார் என்று அர்த்தம். உள்ளக வடிவமைப்பை நாங்கள் முதலாவது அர்த்தத்திலேயே விளங்கிக்கொண்டிருக்கிறோம். அதன் உயிர் இரண்டாவதில் இருக்கிறது. இந்த அறைக்குள் யார் இருக்கப்போகினம், பின்னேர வெயில் எந்தச் சுவரில் விழும், அடுப்புப் புகை எங்கால போகும், இரவில் எழும்புகிற அம்மம்மா எதைப் பிடிச்சுக்கொண்டு பாத்ரூமுக்குப் போவா. இதையெல்லாம் வடிவாகப் பார்க்கிறதுதான் அந்த வேலை.

வெக்கையை எடுத்துப் பாருங்கள். பழைய வீடுகளில் உயரமான ஓட்டுக்கூரை இருந்தது, சுவரின் மேற்பகுதியில் காத்துப்போக ஓட்டை இருந்தது, நடுவில் முற்றம் இருந்தது. சூடான காத்து மேலே ஏறி வெளியே போகும். இப்போது கூரைக்குக் கீழே சீலிங் அடித்து உயரத்தைக் குறைக்கிறோம். ஜன்னலுக்கு நகர்த்துகிற கண்ணாடி போடுகிறோம். அதில் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். பிறகு ஏசி பூட்டுகிறோம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது புது வீட்டு ஹோலை விட்டுவிட்டு எத்தனை குடும்பங்கள் மாமரத்துக்குக் கீழே பாய் விரிச்சவை? லட்சக்கணக்கில் செலவழித்த அறையில் கரண்ட் இல்லாமல் இருக்கேலாது எண்டால், அங்கே பிழைத்தது வடிவமைப்பு.

அதுக்காக நாற்சார் வீட்டுக்குத் திரும்பிப் போவோம் என்று நான் சொல்லவில்லை. அந்த வீட்டைப் பற்றி உருகி உருகி எழுதுகிறவர்கள் பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். யார் திண்ணையோடு நிற்கவேண்டும், யார் முற்றத்துக்குப் பின்பக்கத்தால் வரவேண்டும், யார் உள்ளே வரலாம் என்று சாதியைச் சுவரும் வாசலுமாகக் கட்டி வைத்த வீடு அது. பெண்கள் தங்கட வாழ்நாளில் பாதியைக் கழித்த குசினி அதன் ஆக இருட்டான, ஆகப் புகை பிடித்த மூலையில் இருந்தது. காத்தோட்டத்தைப் பழைய வீட்டிலிருந்து படிக்கலாம். யாருக்கு எந்த இடம் என்பதை நாங்கள் புதிதாகத்தான் யோசிக்க வேண்டும். அதுவும் இந்தப் படிப்புக்குள் வருகிற விஷயம்தான்.

மலையகத்துக்குப் போனால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறை. அதுக்குள் ஒரு முழுக் குடும்பம். பெரியபிள்ளையான மகள் எங்கே உடுப்பு மாத்துவாள்? ஓ.எல் சோதினைக்குப் படிக்கிறவன் எந்த லைட்டுக்குக் கீழே புத்தகத்தை விரிப்பான்? காணியும் வீடும் கேட்கிற போராட்டத்துக்கு வடிவமைப்பு ஒரு மாற்று இல்லை. ஆனால் அந்த வீடு கிடைக்கிறபோது அதன் உள்ளே எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல எங்களிடம் ஆட்கள் வேண்டும்.

இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். போருக்குப் பிறகு வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் தரப்போவதாக அரசாங்கம் 2016 அளவில் சொன்னது. தளபாடத்தோடு வருகிற வீடு எண்டார்கள். இந்த வெக்கைக்குள் எப்படி இருக்கிறது, விறகடுப்பை எங்கே வைக்கிறது, பிறகு ஒரு அறையைக் கூட்டிக் கட்ட ஏலுமா, உள்ளூர் மேசனுக்கு அதில் என்ன வேலை என்று சனம் கேட்டது. அவை எல்லாமே வடிவமைப்புக் கேள்விகள். நிபுணர்கள் முதலே கேட்டிருக்க வேண்டியதை வீட்டில் இருக்கப்போகிற ஆட்கள் கேட்டார்கள்.

இன்னொரு பக்கம், போரில் காலை இழந்தவர்களும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் எங்கட ஊர்களில் எத்தனை பேர்! பொதுக் கட்டடங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் போய்வரக்கூடியதாக இருக்க வேண்டும் என்று 2006 இலேயே ஒழுங்குவிதி வந்துவிட்டது. ஆனாலும் மூன்று படி ஏறினால்தான் கவுண்டருக்குப் போகலாம் என்கிற கந்தோர்களும் வங்கிகளும் இன்னும் இருக்கின்றன. சக்கர நாற்காலி ஒன்று முழுசாகத் திரும்புவதற்குக் கிட்டத்தட்ட 1.5 மீற்றர் அகலம் வேண்டும். இந்த ஒரு அளவை மறந்து கட்டின கழிவறைக்குள் எவ்வளவு விலையான மாபிள் பதித்தாலும் ஒரு மனிசர் உள்ளே போய்க் கதவைச் சாத்தேலாது.

சரி, எங்கே படிக்கிறது? இசட் புள்ளியோடு மட்டும் முடிகிற விஷயம் இல்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, வடிவமைப்புக் கற்கைநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை ஒன்று தனியாக இருக்கிறது. அதுக்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருஷமும் வெளியிடுகிற கைந்நூலில், தமிழிலேயே, இதெல்லாம் இருக்கிறது. ரியூசனுக்கு அலைந்த பிள்ளை அந்தக் கைந்நூலை ஒருக்காலும் முழுசாகப் புரட்டாமல் விடுவதுதான் கவலை. கொழும்பில் தனியார் நிறுவனங்களில் வெளிநாட்டுப் பட்டத்தோடு படிக்கலாம், ஆனால் அதுக்கு லட்சக்கணக்கில் வேண்டும்.

காசும் இல்லை, புள்ளியும் காணாது எண்டால்தான் ‘ஆறு மாசத்தில் இன்ரீரியர் டிசைனர்’ விளம்பரங்கள் கண்ணில் படும். ஸ்கெச்அப்பும் ஓட்டோகாட்டும் பழகுவது நல்லதுதான். ஆனால் தட்டெழுத்துப் பழகினவரெல்லாம் எழுத்தாளர் இல்லை. காசு கட்ட முதல் நாலு விஷயம் கேளுங்கள். கையால் வரையவும் ஒரு இடத்தை அளந்து படம் போடவும் பழக்குவார்களா? வேலை நடக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார்களா? பொருட்களின் விலையைப் போட்டு மதிப்பீடு செய்யச் சொல்லித்தருவார்களா? படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கினம்? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் எழும்பி வந்துவிடுங்கள்.

தொழில் சுலபம் என்று நான் பொய் சொல்லமாட்டேன். “படம் கீறுறதுக்குமோ காசு?” என்று கேட்கிற ஊர் இது. கொன்றாக்ட் தந்தால் டிசைன் சும்மா எண்டு சொல்லுகிற கடைகளோடு போட்டி போட வேண்டும். நல்ல வேலைகள் பெரும்பாலும் கொழும்பிலும் ஹோட்டல் துறையிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கின்றன. ஆனால் இதே வேலை பன்ரி கப்போர்ட் செய்கிற பட்டறையிலும் இருக்கிறது, பாடசாலை நூலகத்திலும் கிளினிக்கிலும் சலூனிலும் இருக்கிறது. அங்கிருந்து தொடங்குகிறவர்களுக்குத்தான் ஊரின் அளவு கைக்கு வரும்.

“ஓடாவியும் மேசனும் பார்த்துச் செய்வினம், இதுக்கு ஏன் பட்டம்?” என்றும் கேட்பார்கள். ஓடாவியின் அறிவு உண்மையான அறிவு. அதை மதிக்காத வடிவமைப்பாளர் உருப்படமாட்டார். 1948 இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தில் உறுப்புரிமை பெற்ற முதல் ஆசியப் பெண் கண்டியைச் சேர்ந்த மினெட் டி சில்வா. அவர் தும்பறைப் பாய் நெசவை நவீன வீட்டுக்குள் கொண்டுவந்தவர். ஜெஃப்ரி பாவா சட்டம் படித்து, தொழிலை விட்டுவிட்டு, 1957 இல் 38 வயதில்தான் கட்டடக்கலைஞர் ஆனார். அவருடைய கட்டடங்களுக்குள் எனா டி சில்வாவின் பத்திக்கும் லக்கி சேனாநாயக்கவின் சிற்பங்களும் இருக்கின்றன. கையால் செய்கிறவர்களை உள்ளே சேர்த்ததால்தான் அந்த இடங்களுக்கு ஒரு முகம் வந்தது. எங்கட பனையோலையும் பனைமரமும் இன்னும் பெட்டியாகவும் வளையாகவும் மட்டும் நிற்கின்றன. அவற்றை ஒரு வகுப்பறைக்குள், ஒரு வாசிகசாலைக்குள் கொண்டுவந்து பார்க்கிற ஆள் ஏன் எங்களுக்குள் இருந்து வரக்கூடாது?

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கட்புலக் கலை படிப்பிக்கிறார்கள். கிளிநொச்சியில் பொறியியல் பீடம் இருக்கிறது. இவர்கள் ஒரு மேசையில் இருந்து, எங்கட வெக்கைக்கும் எங்கட வருமானத்துக்கும் ஏற்ற ஒரு கற்கைநெறியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கலாம். அதுவரைக்கும், இந்தத் துறைக்கு ஆசைப்படுகிற தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு சின்ன வேலை: ஒரு அளவுநாடாவை வாங்கி உங்கட வீட்டுக் குசினியை அளந்து கீறுங்கள். அம்மா ஒரு நாளைக்கு எத்தனை தரம் குனிகிறா, எத்தனை தரம் நடக்கிறா என்று பக்கத்தில் குறியுங்கள். அதைச் செய்யப் பொறுமை இருந்தால் இந்தப் படிப்பு உங்களுக்குச் சரிவரும்.