புள்ளிக் கணக்கும் நியாயமும்

2024-ம் வருஷம் மே மாதம் 18-ந் தேதி இரவு பெங்களூரில் நடந்த ஐ.பி.எல். கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றிச் சென்னை அபிமானிகளின் மனத்தாங்கல் இன்னும் ஆறியபாடில்லை. பெங்களூர்க் கோஷ்டி அன்று 218 ஓட்டங்கள் எடுத்தது. சென்னை 201 எடுத்திருந்தால், தோற்றும் அடுத்த கட்டத்துக்குச் சென்றிருக்கும், 191-உடன் நின்றுவிட்டது. இரு கோஷ்டிகளும் ஏழு ஆட்டங்களில் ஜயித்து 14 புள்ளிகள் பெற்றிருந்தன. நிகர ஓட்ட விகிதம் பெங்களூருக்கு 0.459, சென்னைக்கு 0.392. இந்தச் சொற்ப வித்தியாசத்தால் ஒரு கோஷ்டி உள்ளே போயிற்று. மற்றொன்று வீடு திரும்பிற்று. இது அநீதி என்கிறார்கள் நம் நண்பர்கள்.

நாம் இதை ஒப்புவதற்கில்லை. புள்ளிகள் சமமானால் வெற்றிகளின் எண்ணிக்கையும், அதுவும் சமமானால் ஓட்ட விகிதமும் பார்க்கப்படும் என்பது முதல் ஆட்டத்துக்கு முன்பே யாவரும் அறிந்த விதி. விதிக்கு உடன்பட்டு ஆடியவர், முடிவு பாதகமான பிறகு அதைக் குறை கூறினால் எந்தக் கோர்ட்டும் செவிசாய்க்காது. இருவரும் நேருக்கு நேர் ஆடியதைப் பார்த்திருக்கலாகாதா எனில், மார்ச் 22-ந் தேதி சென்னையில் சென்னை ஜயித்தது; மே 18-ந் தேதி பெங்களூர் ஜயித்தது. அக்கணக்கும் சரிக்குச் சரி.

உண்மையான அநீதி வேறிடத்தில் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுவார் அதிகமில்லை. போட்டியிட்ட கோஷ்டிகள் பத்து. ஒவ்வொன்றும் ஆடியது 14 ஆட்டங்கள். அதாவது, ஐந்து எதிரிகளுடன் இருமுறை, மற்ற நால்வருடன் ஒரே முறை. விளைவென்ன? அவ்வருஷம் கோப்பையை வென்ற கல்கத்தாவைப் பெங்களூர் இருமுறை சந்தித்து இருமுறையும் தோற்றது. ஒன்றில் ஒரே ஓட்டத்தால். சென்னையோ கல்கத்தாவை ஒரே முறை, அதுவும் சேப்பாக்கத்தில், சந்தித்து ஜயித்தது. மறுபுறம், லக்னோவிடம் சென்னை இருமுறை தோற்றது; பெங்களூருக்கு லக்னோவுடன் இருந்தது ஒரே ஆட்டம்; அதில் அதுவும் தோற்றது. இரண்டு மாணாக்கர்களுக்கு வெவ்வேறு வினாத்தாள் கொடுத்துப் பரீட்சை வைத்துவிட்டு, மார்க்கை மாத்திரம் மூன்று தசம ஸ்தானம் வரை ஒப்பிடுவது போன்ற காரியம் இது! இதனால் சென்னைக்குத்தான் நஷ்டம் என்று சாதிக்க முடியாது. கல்கத்தா விஷயத்தில் முறையிட வேண்டியவர்கள் பெங்களூர்க்காரர்களே. நம்மவர் இதைச் சௌகரியமாக மறந்துவிடுகின்றனர்.

மழையும் தன் பங்குக்கு விளையாடிற்று. மே 13-ந் தேதி ஆமதாபாத் ஆட்டம் மழையால் கைவிடப்படவே, குஜராத்தின் ஆசை அத்துடன் ஒழிந்தது. அதற்கு யாரைக் குற்றம் சொல்வது? மழை மனிதர் கையில் இல்லை. அட்டவணை மனிதர் போட்டது.

2021-ல் எட்டுக் கோஷ்டிகள் இருந்தபோது, ஒவ்வொன்றும் மற்ற ஏழையும் இருமுறை சந்தித்தது. 14 ஆட்டங்கள், குறையில்லாத கணக்கு. அவ்வருஷமே கிரிக்கெட் போர்டு லக்னோ, ஆமதாபாத் என்னும் இரு புதிய கோஷ்டிகளின் உரிமையை ஏறக்குறைய 12,700 கோடி ரூபாய்க்கு விற்றது. கோஷ்டிகள் பத்தாயின, ஆட்டங்கள் 14-ஆகவே நின்றன. பத்துக் கோஷ்டிகளும் இருமுறை சந்திப்பதானால் மொத்தம் 90 ஆட்டங்கள் தேவை. அத்தனைக்கு நாளில்லையென்று போர்டார் சொல்லக்கூடும். ஒரே முறை சந்திப்பதானால் 45 போதும். 70 ஆட்டங்களின் டெலிவிஷன் வருமானத்தை ருசி கண்டவர்கள் 45-க்கு இறங்குவார்களா என்பதுதான் கேள்வி. சென்னை அபிமானிகள் பெங்களூரைத் தூஷிப்பதை விட்டு, இக்கேள்வியைப் போர்டாரிடம் கேட்பார்களாக.