வாட் பார்த்து ஆளை அளக்காதீர்கள்

சுபஹ் தொழுதுவிட்டு கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுப் பக்கம் சைக்கிள் மிதிக்கும் எங்களில் சிலரிடம் இப்போது பவர் மீட்டர் இருக்கிறது. நல்ல கருவிதான். எதிர்க்காற்றில் வேகம் விழுந்தாலும் கால் எவ்வளவு உழைத்தது என்பதை வாட்டில் சொல்லிவிடும்.

ஆனால் அது வந்ததிலிருந்து ஒரே கேள்விதான்: "மச்சான், எத்தனை வாட்?" மீட்டர் வாங்க வசதியில்லாத பொடியன் வாயை மூடிக்கொண்டு நிற்கிறான்.

விலை குறைந்த மீட்டர்கள் பல இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்குகின்றன. புறப்படுமுன் பூச்சியத்துக்குச் சரிசெய்யாவிட்டால் எண் பிசகும். 200 வாட் என்பது 60 கிலோக்காரருக்கும் 90 கிலோக்காரருக்கும் ஒன்றா? முன்னால் போகிறவர் காற்றைத் தாங்க, அவர் மறைவில் வருபவருக்கு அதே வேகத்துக்குக் குறைந்த வாட் போதும். யார் யாருக்கு மறைவு கொடுத்தார் என்று எந்த மீட்டரும் சொல்லாது.

நேற்றைய நம்மோடு இன்றைய நம்மை ஒப்பிடத்தான் அந்தக் கருவி. அடுத்தவனை மட்டந்தட்ட அல்ல.

பின்விளக்கும் தலைக்கவசமும் இல்லாமல், மீட்டரோடு மட்டும் இருட்டில் இறங்குகிறவர்களே, முதலில் உயிருக்குச் செலவழியுங்கள். பிறகு, பின்தங்கிய பொடியனுக்காக ஒரு சந்தியிலாவது நில்லுங்கள்.