கேரியர் கேட்டால் கேவலமா?

எங்க பெரியப்பா மகன் ஒரு கார்பன் சைக்கிள் வாங்கிட்டு வந்தார். செகண்ட் ஹேண்ட்தான், ஆனாலும் ஒற்றை விரலில் தூக்கலாம் போல அவ்வளவு லேசு. சின்னமனூரில் எங்க தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. பெரியப்பா மட்டும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரிப்பா... கேரியர் எங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். இப்போது யோசித்தால், அன்றைக்கு அங்கே கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான்!

கம்பம் பள்ளத்தாக்கில் சைக்கிள் என்றாலே கேரியர்தான் மக்களே. பால் கேன், வாழைத்தார், புல்லுக்கட்டு, டீ கேன், பள்ளிக்கூடம் போகும் தங்கச்சி எல்லாம் அதில்தான் போயிருக்கிறது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிளிலும் கேரியர் உண்டு. விலை கொடுத்து, அதுவும் கொள்ளை விலை கொடுத்து வாங்கும் சைக்கிளில்தான் இல்லை. கேட்டால் "ரேஸ் சைக்கிள்ல யாராவது கேரியர் மாட்டுவாங்களா?" என்று ஒரு நக்கல் வேறு.

ரேஸ் ஓட்டுகிறவருக்கு அது நியாயம். பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று யு.சி.ஐ.யே விதி போட்டிருக்கிறது. அந்த அளவுக்கு அங்கே எடையோடு சண்டை. ஆனால் அண்ணன் எந்த ரேஸுக்குப் போகிறார்? ஞாயிற்றுக்கிழமை குமுளிக்குப் போக ஆசை. அதற்கு மாற்றுத் துணி, டியூப், பம்ப், சாப்பாடு வேண்டும். இதையெல்லாம் முதுகில் சுமந்து லோயர்கேம்ப்புக்கு மேலே மலை ஏறிப் பாருங்கள், தெரியும். ஒரு அலுமினிய கேரியர் ஒரு கிலோகூட வராது. அண்ணனின் தொப்பை அதைவிட அதிகம் (அண்ணே, மன்னிச்சிருங்க!).

சரி, கேரியர் மாட்டலாம் என்று ஒரு கடைக்குப் போனார். ஃபிரேமில் திருகு ஓட்டை இல்லை. கடைக்காரர் அசரவில்லை. சீட்டுக்குக் கீழிருந்து பின்சக்கரத்துக்கு இறங்கும் இரண்டு குழாய்களிலும் இரும்பு கிளாம்ப் போட்டு, ஸ்பேனரால் நன்றாக நெரித்து மாட்டிவிட்டார். முதல் பயணத்தில் உத்தமபாளையம் தாண்டவில்லை, பின்னால் 'டிக் டிக்' என்று சத்தம். இறங்கிக் கழற்றிப் பார்த்தால் கிளாம்ப் இருந்த இடத்தில் முடி போல ஒரு விரிசல். இதே விரிசல் குமுளி இறக்கத்தில் விட்டிருந்தால்? நினைக்கவே வயிற்றைக் கலக்குகிறது.

கார்பன் பலவீனமானது என்று அர்த்தமில்லை. இழை ஓடும் திசையில் இழுத்தால் பிரமாதமாகத் தாங்கும். ஓரிடத்தில் வைத்து நெரித்தால் தாங்காது. இரும்பு முதலில் வளையும், நமக்கு ஒரு எச்சரிக்கை கிடைக்கும். கார்பன் சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? நம்ம ஊர் பழைய சைக்கிளில் கேரியரின் கால்கள் எங்கே நிற்கின்றன? பின்சக்கர அச்சின் நட்டில்! பாரம் ஃபிரேமின் குழாயை நெரிக்காமல் நேராகச் சக்கரத்துக்கு இறங்கிவிடும். இன்றைக்கு கார்பன் சைக்கிளுக்கென்று வெளிநாட்டில் விற்கும் நல்ல கேரியர்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன. அச்சையே மாற்றி, அதில் காலை ஊன்றுகிறார்கள். மேல்முனை ஆடாமல் இருக்க சீட் கிளாம்ப்பில் பிடிப்பு. நம்ம தாத்தா காலத்து யோசனைக்குப் புது விலைச்சீட்டு, அவ்வளவுதான்.

அதனால் என் கட்சி இது. கார்பன் குழாயில் கிளாம்ப் போடாதீர்கள், கடைக்காரர் எவ்வளவு தைரியம் சொன்னாலும் சரி. கார்பன் சீட் போஸ்ட்டில் தொங்கும் கேரியரும் வேண்டாம். அச்சில் மாட்டும் வகையை, அதுவும் சைக்கிள் கம்பெனியின் கையேடு அனுமதித்தால் மட்டும் மாட்டுங்கள். கொஞ்ச சாமான்தான் என்றால் சீட்டுக்குப் பின்னால் கட்டும் பை போதும். இனிமேல்தான் வாங்கப் போகிறீர்களா? ஓட்டை இருக்கும் ஃபிரேமாகக் கேளுங்கள். கார்பனிலேயே அப்படி வருகிறது. கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்க வெட்கப்படுகிற வரைக்கும் கம்பெனிக்காரன் ஏன் கொடுக்கப் போகிறான்?

டிஸ்கி: அண்ணனின் சைக்கிள் இப்போது சுவரில் தொங்குகிறது. அவர் பெரியப்பாவின் பழைய சைக்கிளில் போய் வருகிறார். கேரியரில் அரிசி மூட்டையோடு.