‘எக்கோ நோர்மல்’ என்றொரு தீர்ப்பு

முசலிக்குப் போகும்போதெல்லாம் காதில் விழும் வாக்கியம் ஒன்றுண்டு: “எக்கோ நோர்மலாம், வயசு போயிட்டுதாம்.” கிணற்றடிக்குப் போய்வரவே மூச்சிரைக்கும், அந்தியில் கால் வீங்கும் பெண்கள் சொல்வது. சிலாவத்துறையிலிருந்து ஒரு நாளைத் தொலைத்து நகருக்குப் போய் அவர்கள் பெற்றுவரும் பதில் இது. இதை நோயறிதல் என்று ஏற்க நான் தயாரில்லை; பாதியில் மூடிய விசாரணை இது.

இதயம் சுருங்கிக் குருதியைத் தள்ளினால் மட்டும் போதாது. தளர்ந்து அடுத்த குருதியை வாங்கவும் வேண்டும். இடது கீழறை தன்னிடமுள்ள குருதியில் 50 வீதத்துக்கு மேல் வெளியேற்றினால் அறிக்கை பொதுவாக ‘இயல்பு’ என எழுதிவிடுகிறது. உயர் குருதியமுக்கமும் நீரிழிவும் உடற்பருமனும் ஆண்டுக்கணக்கில் விறைக்கச் செய்த அறையோ தளர மறுக்கிறது. உள்ளே ஏறும் அமுக்கம் நுரையீரல்வரை பின்னோக்கிப் போய் மூச்சை முட்டவைக்கிறது. இதயச் செயலிழப்புள்ளோரில் ஏறத்தாழ அரைவாசிப்பேர் இவ்வகையினர். கட்டிலில் படுக்கவைத்து எடுத்த படம், தண்ணீர்க்குடத்தோடு நடக்கையில் நேர்வதைக் காட்டாமற் போகலாம்.

2018இல் மேயோ கிளினிக் ஆய்வாளர் வெளியிட்ட புள்ளிமுறை ஆறு விடயங்களைக் கேட்கிறது. வயது, உடற்பருமன், அமுக்க மருந்துகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றுக்கும் தராசும் அளவுநாடாவும் கிளினிக் கொப்பியுமே போதும். மேலறையின் ஒழுங்கற்ற துடிப்பை ஈ.சி.ஜி. சொல்லும். மற்ற இரண்டும் அதே எக்கோவில் அளக்கக்கூடியவை. அளந்தார்களா என்பதே என் கேள்வி.

“கண்டுபிடித்தும் மருந்தில்லையே” என்பது பழங்கதை. எம்பாக்ளிஃபுளோசின் 2021இலும் டாபாக்ளிஃபுளோசின் 2022இலும், இந்நோயாளர் வைத்தியசாலையில் சேர்வதைக் குறைப்பதாகப் பெரும் ஆய்வுகள் காட்டின. இரண்டும் நீரிழிவு மாத்திரைகளாக வந்தவைதாம்.

ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஊருக்குப் பேசும் வாசகர்களே, அம்மாவுக்கு எக்கோ நோர்மல் என்றால் விட்டுவிடாதீர்கள். சுருங்குவது நோர்மலா, தளர்வதும் நோர்மலா என்று கேட்கச் சொல்லுங்கள்.